நாற்பது முதுகுகளின் அளவு

நுவரெலியாவில் புதிதாகத் திறந்திருக்கிற ஒரு ஹோட்டலின் கண்ணாடிக் கதவில் போன மாதம் நெற்றியை இடித்துக்கொண்டேன். என் மைத்துனர் மகளின் கல்யாண விருந்துக்குப் போயிருந்தோம். கதவின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நீளமான பித்தளைப் பிடி. பிடியைப் பார்த்தால் கை இழுக்கத்தான் போகும். இழுத்தேன், வரவில்லை. பலமாக இழுத்துக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து ஒருவர் இழுத்துத் திறக்க, நெற்றி கண்ணாடியில் இடிக்க, நான் கதவோடு சேர்ந்து உள்ளே போய்விட்டேன்.

"தள்ளணும் ஐயா" என்றார் வாசலில் நின்ற காவல்காரர்.

"ஒரு நாளைக்கு எத்தன பேருக்குச் சொல்றீங்க?"

"வர்ற எல்லாருக்குந்தான்."

ஒரு கதவுக்கு விளக்கம் சொல்ல ஓர் ஆளைச் சம்பளம் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். இதைப் பற்றி நான் விருந்து முடியும் வரை பேசிக்கொண்டிருந்தேனாம். "கல்யாணத்துக்கு வந்தமா, கதவப் பாக்க வந்தமா?" என்று என் மனைவி பாக்கியம் சாப்பாட்டு மேசையில் வைத்தே கேட்டாள். இரண்டுக்கும்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் வீடு திரும்பும் வரை பேச்சு வார்த்தை இருக்காது என்பதால் இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் லிந்துலைப் பக்கத்து ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபத்தெட்டு வருடம் மேசன் பாஸாக இருந்தவன். கொத்தனாரை எங்கள் பக்கம் பாஸ் என்போம். ஆட்கள் குடியிருக்கிற லயம், கக்கூசு, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விடுகிற பிள்ளைக்காம்பரா, தண்ணீர் ஓடுகிற கான், மதில், கோயில் படிக்கட்டு, தொரையின் பங்களாவில் நாய்க்கூடு என்று தோட்டத்தில் சிமெந்து பட்ட எல்லாவற்றிலும் என் கை இருக்கிறது. இப்போது தோட்டத்தில் கட்டட வேலை பார்க்கிற இளம் உத்தியோகத்தர்கள் இரண்டு பேர், "பாஸ், அந்த மடுவத்துக் கதைய எழுதிக் குடுங்க, நீங்க சொல்லும்போது பாதியில சண்டைக்குப் போயிடுறீங்க" என்று கேட்டதால் எழுதுகிறேன். எழுதும்போதும் சண்டைக்குப் போவேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் சண்டைகள். எங்கள் டவுன் பஸ் தரிப்பிடத்தில் ஒரு பொதுக் கக்கூசு கட்டினார்கள். டைல்ஸ் என்ன, கண்ணாடி என்ன! உள்ளே குடை மாட்ட ஓர் ஆணி இல்லை. வருடத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊரில், ஒரு கையில் குடையும் மறு கையில் பையுமாக ஒரு மனிதன் உள்ளே போய் என்ன செய்வான்? அதைக் கட்டியவர் அதற்குள் ஒருமுறைகூடப் போகவில்லை என்று கோயிலில் சத்தியம் செய்வேன்.

கடைகளில் விற்கிற ஒரு தேயிலைப் பெட்டியில் கொழுந்து பறிக்கிற பெண்ணின் படம். தலையில் மல்லிகைப்பூ, உடம்பில் பட்டுச்சேலை. அதையாவது மன்னிக்கலாம். கூடைக் கயிற்றைக் கைப்பை மாதிரித் தோளில் மாட்டியிருக்கிறாள். கயிறு தலையில் அல்லவா போக வேண்டும்! தோளில் போட்டால் அரை மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும். மேலே அவர்கள் சின்னமாகப் போட்டிருக்கிற கொழுந்து, பச்சை மிளகாய் போலிருக்கிறது. எங்கள் டவுன் கடைக்காரர் அந்தப் பெட்டியை மிளகாய்த்தூள் பக்கத்தில்தான் அடுக்கி வைத்திருந்தார். அவர் மேல் தப்பில்லை.

லயங்களைப் பற்றிச் சிரிப்பாக எழுத எனக்கு வராது. முதுகோடு முதுகு ஒட்டிய, காம்பரா என்கிற பத்து அடி அறைகள், ஒன்றில் அடுப்பு எரிந்தால் மூன்றில் இருமல். வரைந்தவர் கெட்டிக்காரர்தான்; செங்கல்லை மிச்சம் பிடித்திருக்கிறார். ஒரு ராத்திரி அதற்குள் குடும்பத்தோடு படுத்திருந்தால் ஒரு ஜன்னலாவது வைத்திருப்பார். நான் பிறந்தது அப்படி ஒரு காம்பராவில். அந்தக் கோபம்தான் என்னை இந்த வேலைக்கு இழுத்தது என்று இப்போது தோன்றுகிறது.

வேலை பழகியது வட்டவளையில் என் மாமாவிடம். மூன்று வருடம் சாந்து குழைத்தேன், கை வெடித்தது, கொஞ்சம் படித்தேன். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

உண்மையாகப் படித்தது எங்கள் பெரிய தொரையிடம். தோட்ட மேனேஜரைத்தான் தொரை என்கிறோம். அவர் சிங்களவர். தமிழைத் தோட்டத்து ஆட்களிடமே கற்றவர் என்பதால் அவருக்கு ஏவல் மட்டும்தான் வரும், மரியாதை விகுதி வராது. எல்லாரும் அவருக்கு வைத்த பெயர் 'ரெண்டு தட்டுத் தொர'.

காரணம் அவருடைய பரிசோதனை. ஒரு கட்டடம் முடிந்தது என்று சொல்லி அனுப்பினால், மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்குப் போனதும் கைத்தடியோடு வருவார். முன்பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். நேரே பின்பக்கம் போவார். தண்ணீர் எங்கே வடிகிறது என்று பார்ப்பார். பிறகு உட்காரக்கூடிய இடத்திலெல்லாம் உட்காருவார், சாயக்கூடிய இடத்திலெல்லாம் சாய்வார். கடைசியாகக் கதவு. கையால் ஒருமுறை திறப்பார், முழங்கையால் ஒருமுறை, காலால் ஒருமுறை. தோட்டத்துப் பெண்கள் விறகும் தண்ணீரும் பிள்ளையும் இல்லாமல் வெறுங்கையோடு எந்தக் கதவுக்கும் வருவதில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாம் முடிந்ததும் கைத்தடியால் தரையைத் தட்டுவார். இரண்டு தட்டு என்றால் சரி. ஒரு தட்டு என்றால் உடை. முகத்தில் ஒன்றும் தெரியாது. அந்த முதல் தட்டுக்கும் இரண்டாவது தட்டுக்கும் நடுவில் நான் செத்துப் பிழைத்ததை எத்தனை தடவை என்று சொல்வது?

இனி மடுவம். பறித்த கொழுந்தை நிறுக்கிற இடம் அது. எங்கள் ஏழாம் நம்பர் மலையின் அடியில் ரோட்டோரம் இருந்த தகரக் கொட்டகையைக் காற்று கொண்டுபோய்விட்டது. புதிதாகக் கட்டச் சொன்ன தொரை, ஒரு விஷயத்தைத் தனியாகச் சொன்னார்.

"பாஸ், பொம்பளைங்க சுமைய நெலத்துல வைக்குது. நிறுத்த பொறகு தூக்க முடியல. இன்னொரு ஆள் தூக்கிவிட வேணும். நீ செவுத்தோட ஒரு மேடை கட்டு. ஒதவி இல்லாம வைக்க வேணும், ஒதவி இல்லாம எடுக்க வேணும்."

முதுகில் கூடையோடு வருகிறவள் திரும்பி நின்று, கூடையின் அடியை மேடையில் உட்கார வைத்துவிட்டு, தலையிலிருந்து கயிற்றைக் கழற்ற வேண்டும். எடுக்கும்போது அதே மாதிரி முதுகைக் காட்டிக் கயிற்றை மாட்டிக்கொண்டு எழும்ப வேண்டும். மேடை சரியான உயரத்தில் இருந்தால் இடுப்புக்கு வேலையில்லை. ஏழாம் நம்பர் மலையில் பறித்த நாற்பது பேரில் இடுப்பு வலிக்கு எண்ணெய் தேய்க்காதவள் ஒருத்தியும் கிடையாது. பாக்கியமும் அவர்களில் ஒருத்தி. தேய்த்துவிட்டது நான்தான், அதனால் எனக்குத் தெரியும்.

அளவெடுக்காமல் கட்டுகிறவன் நானில்லை. காலைப் பெரட்டுக்கு அளவு நாடாவோடு போனேன். கங்காணி நாற்பது பேரையும் வரிசையில் நிறுத்தினார். கூடையின் அடி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் அளந்து கொப்பியில் எழுதினேன். அளக்கிறார்கள் என்றதும் யாருக்குத்தான் முதுகு நிமிராது? அடையாள அட்டைக்குப் போட்டோ பிடிக்கிற மாதிரி ஒவ்வொருத்தியும் விறைத்து நின்றாள். இரண்டு பேர் சேலையைத் திருத்திக்கொண்டார்கள். நாற்பது அளவையும் கூட்டி நாற்பதால் வகுத்து, அந்த உயரத்துக்குச் சுவர் நீளத்துக்கும் மேடையைக் கட்டினேன். சிவப்புப் பொலிஷ் போட்டேன். முகம் தெரிந்தது.

முதல் நாள் அந்திக் கொழுந்து. முதல் சுமையை இறக்குகிற மரியாதையை என் மனைவிக்கே கொடுத்தார்கள். பாக்கியம் மழையில் நனைந்து, இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கோடு, மலையிலிருந்து இறங்கி வந்தாள். பெருமையாக என்னை ஒரு பார்வை பார்த்தாள். திரும்பினாள். பின்னால் போனாள். கூடை மேடைக்குக் கீழே சுவரில் 'தொம்' என்று இடித்தது. நுனிக்காலில் நின்று பார்த்தாள். மறுபடியும் 'தொம்'. மூன்றாவது தடவை ஓர் எம்பு எம்பினாள். கூடை பாதி ஏறிச் சரிந்து, கொழுந்தெல்லாம் என் சிவப்புப் பொலிஷ் மேல்.

"ஏன் பாக்கியம், ஒங்க வூட்டுக்காரரு இத கோழிக்குக் கட்டியிருக்காரு போல! பறந்துதான் ஏறணும்!" என்றாள் பின்னால் நின்ற மாரியாயி.

வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தார்கள். தராசுக்குப் பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை, சிரிக்கக்கூடாது என்று நினைத்து இருமினார்.

பாக்கியம் நான்கு நாள் என்னோடு பேசவில்லை. டீயை மட்டும் நேரம் தவறாமல் ஊற்றினாள். ஊற்றி அலுமாரியின் உச்சியில் வைத்துவிட்டுப் போனாள். நான் குட்டையான ஆள். ஸ்டூல் போட்டு ஏறித்தான் நான்கு நாளும் டீ குடித்தேன்.

ஐந்தாம் நாள், நான் சொல்லி அனுப்பாமலே தொரை வந்தார். பார்த்தார். ஒரு தட்டு. நான் சம்மட்டியை எடுக்கக் குனிந்தேன்.

"இரு. நீ தூக்கு."

"எதங்க தொர?"

"கூடை. நெறைய கொழுந்து. ஏழாம் நம்பர் உச்சியில இருந்து தூக்கிட்டு வா."

இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். தலையில் கயிற்றைப் போட்ட உடனேயே கழுத்து உள்ளே போய்விட்டது. நிமிர முடியவில்லை; நிமிர்ந்தால் பின்னால் விழுவேன். குனிந்தேன். குனியக் குனியக் கூடை இடுப்புக்குக் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. ஈர மண்ணில் வழுக்கி, கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடிக் கட்டைகளைப் பிடித்துப் பிடித்து மடுவத்துக்கு வந்து சேர்ந்தபோது எனக்கு முன்னால் என் கால்விரல்கள் மட்டும்தான் தெரிந்தன. திரும்பினேன். 'தொம்'. அந்த அடியில் கால் நழுவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழும்ப முடியவில்லை. உதவி வேண்டியிருந்தது.

தொரை என் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"நீ எப்போ அளந்தே?"

"காலம்பற தொர. பெரட்டுல."

"கூடையில என்ன இருந்தது?"

"ஒண்ணும் இல்லீங்க."

"கொழுந்து எப்போ வரும்?"

அவர் எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று அந்தி மேடையை உடைத்துவிட்டு, வெறும் சுவரின் பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியோடு நின்றேன். சுமையோடு வந்து திரும்புகிற ஒவ்வொருத்தியின் கூடை அடியிலும் சுவரில் ஒரு கோடு. நாற்பது கோடு. மேலே உள்ளதற்கும் கீழே உள்ளதற்கும் நடுவில் ஒரு சாணுக்கு மேல் வித்தியாசம். நெட்டைக்காரி மாரியாயிக்குக் கட்டினால் குட்டை செல்லம்மாவால் ஏற்ற முடியாது. செல்லம்மாவுக்குக் கட்டினால் மாரியாயி மண்டியிட வேண்டும். கூட்டி வகுத்தால் இரண்டு பேருக்கும் இல்லை. அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன்.

விடையை நான் கண்டுபிடிக்கவில்லை. அந்தப் பெண்களே காட்டினார்கள். நிறுவைக்குக் காத்திருக்கும்போது அவர்கள் ரோட்டோர மதிலில் சுமையைச் சாய்த்து நிற்பார்கள். மதிலின் தலை மட்டமானது. ரோடு இறக்கம். குட்டையானவர்கள் ரோட்டின் மேல்பக்கம், நெட்டையானவர்கள் கீழ்ப்பக்கம். ஒருவரும் சொல்லிக் கொடுக்காமல், தினமும், என் கண் முன்னால் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தார்கள். எத்தனை வருடம் அந்த ரோட்டில் போயிருப்பேன்!

மேடையை மட்டமாகக் கட்டி, தரையைச் சரிவாகப் போட்டேன். ஒரு கோடியில் செல்லம்மாவின் உயரம், மறு கோடியில் மாரியாயியின் உயரம். நடுவில் அவரவர் இடம் அவரவருக்கு. பாக்கியத்தின் இடம் தராசிலிருந்து ஆறாவது தூண் பக்கம்.

தொரை வந்தார். காலியாக அல்ல, தானே ஒரு கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்தார். சுவரோடு நடந்து தன் இடத்தைக் கண்டுபிடித்து இறக்கினார். தட்டினார். இரண்டு. பிறகு என் இருபத்தெட்டு வருடத்தில் ஒரே ஒருமுறை, மூன்றாவது தட்டு. அதற்கு என்ன அர்த்தம் என்று தோட்டத்தில் பல நாள் பேச்சு. தடி கை தவறி விழுந்தது என்று கங்காணி சொன்னார். அவருக்குப் பொறாமை.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தொரையும் மடுவத்துக்குள் நுழைந்ததும் கேட்ட முதல் கேள்வி, "ஏன் பாஸ் தரை கோணலா இருக்கு?" என்பதுதான். நான் ஓய்வு பெற்றேன். கூடை போய்ச் சாக்குப் பை வந்தது. கடிகாரத் தராசு போய் எண் காட்டுகிற தராசு வந்தது. மேடை அப்படியே இருந்தது.

இந்த வருடம் கம்பெனிக்கு ஒரு யோசனை. மடுவத்தைச் சுற்றுலாப் பயணிகள் வந்து கொழுந்து நிறுப்பதைப் பார்த்து, அங்கேயே டீ குடிக்கிற இடமாக மாற்ற வேண்டுமாம். தண்ணீர்க் குழாய் எங்கே போகிறது என்று எனக்குத்தான் தெரியும் என்பதால் உதவி மேனேஜரான சின்ன தொரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். கொழும்பிலிருந்து ஷெரின் என்று ஒரு பெண் வந்திருந்தாள். தமிழ்ப் பிள்ளை, கெட்டிக்காரி. கையில் இருந்த டெப் திரையில் விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினாள். வெள்ளைச் சுவர், கண்ணாடி, மரத்தூண், புதுச் சின்னம். சின்னத்தில் கூடைக் கயிறு தலையில்தான் இருந்தது. அந்த நிமிடமே அவள் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. அடுத்த நிமிடம் பார்த்தால், சுவரோடு மேடையைக் காணோம்.

"இதில இருந்த மேட எங்கம்மா?"

"அந்த ஸ்லாப்பா அங்கிள்? அது சரியான ஹெவியா இருக்கு. அதை எடுத்தா வியூ கிளியரா வரும். ஃப்ளோரும் லெவல் இல்ல தானே, அதையும் சரி பண்ணிடுவம்."

"பொம்பளைங்க சுமைய எங்க எறக்குவாங்க?"

"ஃப்ளோர்ல அழகா ஒரு மெட் விரிக்கிறம் அங்கிள். கீழ வைக்கலாம்."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அவள் விருந்தாளி, ஏழாம் நம்பர் உச்சிக்கு அனுப்பி இருபது கிலோவைத் தூக்கி வரச் சொல்ல முடியாது. சத்தம் போட்டேன் என்று பிறகு சொன்னார்கள். சின்ன தொரை என் தோளைத் தட்டி, "பாஸ், கம்பெனியில பிளேன் பாஸாகிடுச்சு. திங்கக்கிழம ஒடைக்கிறாங்க" என்றார்.

வெளியே வந்தால் சுமையோடு ரேவதி நின்றாள். மாரியாயியின் மருமகள், இப்போது அதே மலையில் பறிக்கிறாள்.

"ஒடைக்கப் போறாங்கன்னு சொல்றாங்களே பாஸ், நெசமா? நெலத்துல எறக்குனா திரும்ப யாரு தூக்கிவிடுறது? எங்க மாமியா இடுப்ப நான் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

வீட்டுக்குப் போய்ப் பாக்கியத்திடம் சொன்னேன். "நீங்க கத்துனீங்களா?" என்றாள். ஆமாம் என்றேன். "அப்ப முடிஞ்சுது" என்றாள்.

சனிக்கிழமை அந்தி, உடைப்பதற்கு முன் விளம்பரத்துக்குப் படம் எடுக்க ஷெரின் ஆறு வெள்ளைக்காரர்களை மலைப்பாதையில் நடக்க வைத்து மடுவத்துக்குக் கூட்டி வந்தாள். நானும் பாக்கியமும் கடைசியாக ஒருமுறை பார்க்கலாம் என்று போயிருந்தோம். வந்த ஆறு பேர் முதுகிலும் ஆளுக்கொரு பெரிய பை. மழை, சேறு, மூச்சு வாங்கியது. உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. மேடையைப் பார்த்தார்கள். ஆறு பேரும் திரும்பினார்கள். முதுகைக் காட்டிப் பின்னால் நடந்து, பையின் அடியை மேடையில் உட்கார வைத்து, தோள்வாரைக் கழற்றிவிட்டு, 'ஆ...' என்று நிமிர்ந்தார்கள். ஆறடிக்கு மேலிருந்த ஒருவர் மாரியாயியின் கோடியில். சின்னதாக ஒரு பெண், இரண்டு இடம் சரிப்பட்டு வராமல் மேலே நகர்ந்து நகர்ந்து, சரியாகச் செல்லம்மாவின் இடத்தில்.

ஷெரின் கமெராவைக் கண்ணிலிருந்து இறக்கினாள். அந்த ஆறு பேரையும் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். தன் கமெராப் பையோடு மெதுவாகத் திரும்பி, பின்னால் நடந்து, தன் இடத்தைக் கண்டுபிடித்தாள்.

"அங்கிள், இது வேணும்னே இப்பிடிக் கட்டினதா?"

"நாப்பது பொம்பளைங்க முதுக அளந்து கட்டுனதும்மா. ரெண்டு தடவ."

அவள் அங்கேயே உட்கார்ந்து சின்ன தொரைக்குப் போன் எடுத்தாள். ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினாள். எனக்குப் புரிந்தது 'நோ' மட்டும்தான், அது ஐந்தாறு தடவை வந்தது. பிறகு அளவு நாடாவை எடுத்து மேடையின் உயரத்தை அளந்தாள். வேறோர் இடத்தில் அளந்தாள். "எதை எழுதுறது அங்கிள்?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் எழுதச் சொன்னேன்.

மேடை இப்போதும் இருக்கிறது. ரேவதி தினமும் இறக்குகிறாள். கம்பெனியின் புதுப் புத்தகத்தில் அதன் படத்தைப் போட்டு, இன்னார் வடிவமைத்தது என்று ஷெரின் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அவள் எனக்குப் போன் எடுத்து அழாக்குறையாக மன்னிப்புக் கேட்டாள். பரவாயில்லை என்றேன். பரவாயில்லாமல் இல்லை. ஆனால் அந்த மேடையைக் கட்ட வழிகாட்டிய நாற்பது பேரின் பெயரை நானும் எங்கும் போடவில்லையே.

அந்தச் சனிக்கிழமை எல்லாரும் போன பிறகு, பாக்கியம் ஆறாவது தூணுக்குப் போனாள். வெறும் முதுகோடு பழைய இடத்தில் திரும்பிச் சாய்ந்தாள். மேடை அவளுக்கு உயரமாக இருந்தது. அப்போதுதான் பார்த்தேன், எவ்வளவு கூனிவிட்டாள் என்று. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிவில் மேலே நகர்ந்தாள். நான்கு அடி நகர்ந்து மறுபடி சாய்ந்தாள். மேடை அவள் இடுப்பில் சரியாக வந்து உட்கார்ந்தது.

"அட, வயசான பொறவு நிக்கிறதுக்கும் எனக்கு எடம் வச்சித்தான் கட்டியிருக்கீங்க" என்றாள்.

சத்தியமாக நான் அதை நினைத்துக் கட்டவில்லை. ஆமாம் என்றேன்.